முனையத் திரையில் உருளும் உரைச்சாளரங்கள்: என்கர்சஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முனையத்தில், அதாவது எழுத்துகளைக் காட்டும் கட்டளைத் திரையில், இயங்கும் நிரல்களை எழுதத் தொடங்குபவர்களிடமிருந்து எனக்கு வரும் ஐயங்களில் பெரும்பகுதி ஒரே இடத்தைச் சுற்றியே வருகிறது: ஒரு பெட்டிக்குள் உரை நிறைந்துவிட்டால் அடுத்து என்ன செய்வது? லாக் கோப்பைக் காட்டும் கருவியானாலும், அரட்டை நிரலானாலும், உதவிக்குறிப்புப் பக்கமானாலும் இந்தச் சிக்கல் வந்தே தீரும். பலருக்கும் தனித்தனியாகச் சொன்ன விடைகளை ஒழுங்குபடுத்தி இங்கே தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் சி மொழியையும், முனையத் திரையில் விரும்பிய இடத்தில் எழுத உதவும் என்கர்சஸ் நிரலகத்தையும் சார்ந்தவை. பைத்தானின் கர்சஸ் தொகுப்பும் இதே நிரலகத்தின் மேல் அமைந்திருப்பதால் அங்கும் இவை பொருந்தும். செயற்கூறுகளின் (ஃபங்ஷன்களின்) பெயர்களை ஒலிப்பின்படி எழுதியிருக்கிறேன்.

1. முனையத்திலேயே மேலே உருட்டிப் பார்க்கும் வசதி இருக்கிறதே, நான் ஏன் தனியாக ஒன்றை எழுத வேண்டும்?

உங்கள் நிரல் வரிவரியாக அச்சிட்டுவிட்டு முடிந்துபோகும் வகை என்றால் எழுத வேண்டியதில்லை. பழைய வரிகளை முனையமே தன் வரலாற்றில் சேர்த்து வைக்கும். எக்ஸ்டெர்ம் என்ற முனைய நிரல் இயல்பாக 1024 வரிகளையும், ஒரே முனையத்தில் பல அமர்வுகளை நடத்த உதவும் டீமக்ஸ் 2000 வரிகளையும், குனு ஸ்கிரீன் 100 வரிகளையும் வைத்திருக்கும். இந்த எண்ணிக்கையை அமைப்புக் கோப்பில் கூட்டிக்கொள்ளலாம்.

முழுத்திரை நிரல்களின் நிலை வேறு. விம், லெஸ், எச்டாப் போன்றவை தொடங்கியவுடன் முனையம் தனியாக வைத்திருக்கும் இரண்டாவது திரையான மாற்றுத்திரைக்குப் போய்விடுகின்றன. வெளியேறும்போது, அதற்கு முன் இருந்த திரை அப்படியே திரும்பி வருவது இதனால்தான். மாற்றுத்திரையில் மேலேறிப்போகும் வரிகளை எக்ஸ்டெர்ம் வரலாற்றில் சேர்ப்பதில்லை. என்கர்சஸ் நிரல்களும், முனையத்தில் அந்த வசதி இருந்தால், மாற்றுத்திரையிலேயே இயங்குகின்றன. ஆகவே உங்கள் பெட்டிக்குள் மேலே நழுவிய வரியைப் பயனர் மீண்டும் பார்க்க வேண்டுமானால், அதற்கான பொறுப்பு முழுவதும் உங்கள் நிரலுக்கே உரியது.

2. கர்சஸ் உள்ளுக்குள் என்னதான் செய்கிறது? பிரிண்ட்எஃப் போதாதா?

பில் ஜாய் எழுதிய விஐ தொகுப்பியில் சுட்டியை (கர்சரை) நகர்த்துவதற்கென இருந்த நிரற்பகுதியை அடிப்படையாகக் கொண்டு, பெர்க்லியில் கென் ஆர்னால்டு உருவாக்கியதே கர்சஸ். பின்னர் சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸில் அது பெரிதாக விரிந்தது. பவெல் கர்ட்டிஸ் 1982 வாக்கில் எழுதிய பிகர்சஸ் என்ற கட்டற்ற பதிப்பிலிருந்து வளர்ந்து, 1993இல் என்கர்சஸ் வெளிவந்தது. நெடுங்காலமாக அதைப் பராமரித்து வருபவர் தாமஸ் டிக்கி.

திரை எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு படிமம், திரை இப்போது எப்படி இருக்கிறது என்று இன்னொரு படிமம் என இரண்டை இந்த நிரலகம் நினைவகத்தில் வைத்திருக்கிறது. நீங்கள் எழுதுவதெல்லாம் முதல் படிமத்தில்தான் விழுகின்றன. புதுப்பிக்கச் சொல்லும்போது இரண்டையும் ஒப்பிட்டு, வேறுபாட்டை மட்டும் முனையத்துக்கு அனுப்புகிறது. 80 நெடுவரிசைகளும் 24 வரிகளும் கொண்ட திரையில் 1920 எழுத்துகள் உள்ளன. 1200 பாட் வேக இணைப்பில் நொடிக்கு ஏறத்தாழ 120 எழுத்துகளே போகும் என்பதால், முழுத்திரையையும் மீண்டும் வரைய 16 நொடிகள் ஆகும். அந்தக் காலத்துத் தேவைக்காகப் பிறந்த இந்த உத்தி, தொலைதூரச் சேவையகத்தில் எஸ்எஸ்எச் வழியாக வேலை செய்யும் இன்றும் பயன் தருகிறது. இந்த இரண்டு படிமங்களையும் மனத்தில் வைத்துக்கொண்டால், கீழே வரும் குழப்பங்களில் பாதி தாமாகவே தெளிந்துவிடும்.

3. சாளரத்தின் கடைசி வரி வரை எழுத்துகள் வருகின்றன, அதன் பிறகு எதுவுமே வரவில்லை. ஏன்?

என்கர்சஸ் சாளரங்கள், அதாவது திரையில் நாம் ஒதுக்கும் செவ்வகப் பகுதிகள், இயல்பாக உருளுவதில்லை. நியூவின் கொண்டு உருவாக்கிய உடனேயே அந்தச் சாளரத்துக்கு ஸ்க்ரோல்ஓகே செயற்கூற்றை அழைத்து, மதிப்பை உண்மை என்று கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுக்காதவரை, சுட்டி கடைசி வரியின் கடைசிக் கட்டத்தைத் தாண்ட முயலும்போது எழுதும் செயற்கூறு பிழை மதிப்பைத் திருப்பித் தந்துவிட்டு நின்றுவிடும். சி நிரலில் அந்த மதிப்பைப் பெரும்பாலோர் பார்ப்பதே இல்லை என்பதால், பிழை ஓசையில்லாமல் கடந்துபோகிறது.

பைத்தானில் இதே நிலை விதிவிலக்காக (எக்ஸப்ஷனாக) வெடிக்கும். வலப்பக்கக் கீழ்மூலையில் ஓர் எழுத்தை வைத்தால், எழுத்து திரையில் விழுந்த பிறகும் விதிவிலக்கு எழும். எழுத்தை வைத்ததும் சுட்டி அடுத்த கட்டத்துக்கு நகர முயல்கிறது, போவதற்கு இடமில்லை என்பதே காரணம். மூலையில் எழுதியே ஆக வேண்டும் என்றால், அந்த ஓர் அழைப்பை மட்டும் விதிவிலக்குப் பிடிக்கும் தொகுதிக்குள் வைப்பது ஏற்கத்தக்கது.

4. ஸ்க்ரோல்ஓகே போட்டபின் நன்றாக உருளுகிறது. மேலே போய்விட்ட வரிகளை எப்படித் திரும்பக் கொண்டுவருவது?

கொண்டுவர முடியாது, ஏனென்றால் சாளரம் அவற்றை வைத்துக்கொள்வதே இல்லை. சாளரம் என்பது உயரமும் அகலமும் வரையறுக்கப்பட்ட எழுத்துக் கட்டங்களின் அணி மட்டுமே. உருளும்போது முதல் வரி அழிகிறது, மற்றவை ஒரு வரி மேலேறுகின்றன, கடைசி வரி வெறுமையாகிறது. டபிள்யூ-ஸ்க்ரல் செயற்கூற்றுக்கு எதிர்ம எண்ணைக் கொடுத்தால் உரை கீழ்நோக்கி உருளும் என்பதைக் கண்டுபிடித்து மகிழ்ந்த பலர், மேலே பழைய வரிக்குப் பதில் வெற்று வரி வந்து நிற்பதைப் பார்த்து என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அழிந்ததை அந்தச் செயற்கூறு எங்கிருந்து எடுத்துத் தரும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையைப் படிக்கத்தான் நேரமிருக்கிறது என்றால், இதைப் படியுங்கள். உரையை உங்கள் நிரல் தன்னிடமே வைத்திருக்க வேண்டும். சாளரம் அதன் ஒரு பகுதியைக் காட்டும் இடம் மட்டுமே. எல்லா வரிகளையும் ஒரு பட்டியலில் சேமியுங்கள். சாளரத்தின் முதல் வரியில் பட்டியலின் எத்தனையாவது வரி தெரிய வேண்டும் என்பதை ஒரே ஒரு முழு எண்ணில் வையுங்கள். அதை மேல்வரி என்று அழைப்போம். வரையும் செயற்கூறு சாளரத்தை அழித்துவிட்டு, மேல்வரியிலிருந்து தொடங்கி சாளரத்தின் உயரத்துக்கு எத்தனை வரிகள் கொள்ளுமோ அத்தனையையும் எழுதிவிட்டுப் புதுப்பிக்க வேண்டும். உருட்டுவது என்றால் மேல்வரியின் மதிப்பை மாற்றிவிட்டு அந்தச் செயற்கூற்றை மீண்டும் அழைப்பது, அவ்வளவுதான்.

ஒரு வரி நகர்வதற்கு முழுச் சாளரத்தையும் மீண்டும் எழுதுவது வீண்செலவு என்று தோன்றலாம். அந்த எழுத்து நினைவகத்துக்குள்தான் நடக்கிறது, முனையத்துக்குப் போவது வேறுபாடு மட்டுமே என்பதை 2ஆம் விடையில் பார்த்தோம். இந்த முறைக்கு மாறிய பிறகு ஸ்க்ரோல்ஓகே உங்களுக்குத் தேவைப்படாமலே போகலாம்.

5. அம்புக்குறி, பேஜ் அப், எண்டு விசைகளுக்கான கணக்கை எப்படிப் போடுவது?

முதலில் அந்தச் சாளரத்துக்குக் கீபேட் செயற்கூற்றை இயக்குங்கள். இல்லையென்றால் அம்புக்குறி ஒரே விசையாக வராமல், எஸ்கேப்பில் தொடங்கும் மூன்று தனி எழுத்துகளாக வந்து சேரும். பிறகு எல்லா விசைகளும் மேல்வரியை மாற்றட்டும். மாற்றிய பின் ஒரே இடத்தில் எல்லையைச் சரிபாருங்கள். கீழெல்லை 0. மேலெல்லை, மொத்த வரிகளிலிருந்து சாளரத்தின் உயரத்தைக் கழித்தால் வருவது. 500 வரிகள், 20 வரி உயரம் என்றால் மேல்வரி 480ஐத் தாண்டக் கூடாது. மொத்த வரிகள் உயரத்தைவிடக் குறைவாக இருந்தால் கழித்தல் எதிர்மமாகும் என்பதால், அப்போது மேலெல்லையும் 0தான். ஒவ்வொரு விசைக்கும் தனித்தனியாக எல்லை பார்க்கும் நிரல்களில் ஏதேனும் ஒன்றில் நிச்சயம் தவறு ஒளிந்திருக்கும்.

பக்கம் பக்கமாக நகர்த்தும்போது முழு உயரத்துக்கு நகர்த்தாமல் ஒரு வரி குறைத்து நகர்த்துங்கள். முந்தைய பக்கத்தின் கடைசி வரி புதிய பக்கத்தின் முதல் வரியாக நிற்கும்போது, படிப்பவரின் கண் விட்ட இடத்தை உடனே பிடித்துக்கொள்கிறது.

6. பழைய வரிகளைப் படித்துக்கொண்டிருக்கும்போது புதிய வரி வந்தால் திரை கீழே குதித்துவிடுகிறது. அரட்டை நிரலில் இது பெரிய தொல்லையாக இருக்கிறது.

தொல்லை என்பது சரியான சொல். பயனர் மேலே போயிருக்கிறார் என்றால் அவர் எதையோ தேடுகிறார். அவர் கையிலிருந்து பக்கத்தைப் பிடுங்கும் உரிமை நிரலுக்கு இல்லை. மேல்வரியோடு இன்னொரு மாறியும் வேண்டும்: கடைசி வரியைப் பின்தொடர்கிறோமா, இல்லையா என்பது. பயனர் மேலே நகர்ந்தவுடன் அது பொய்யாகட்டும். அவர் மீண்டும் அடிவரைக்கு வந்தாலோ எண்டு விசையை அழுத்தினாலோ உண்மையாகட்டும். உண்மையாக இருக்கும்போது மட்டும் புதிய வரிக்கு மேல்வரியை உயர்த்துங்கள். பொய்யாக இருக்கும்போது நிலைவரியில் இத்தனை புதிய வரிகள் வந்துள்ளன என்று காட்டினால் போதும். லெஸ் நிரலில் ஷிஃப்ட் அழுத்தி எஃப் விசையைத் தட்டினால் கிடைக்கும் பின்தொடரும் நிலை, கன்ட்ரோல் சி அழுத்தியதும் வழக்கமான படிக்கும் நிலைக்குத் திரும்புகிறது. நல்ல முன்மாதிரி அது.

இதில் எளிதில் கண்ணில் படாத ஓர் இடம் உண்டு. நினைவகத்தைக் காப்பதற்காகப் பட்டியலுக்கு உச்சவரம்பு வைத்து, நிறைந்ததும் பழைய வரிகளை நீக்குகிறீர்கள் என்றால், நீக்கிய ஒவ்வொரு வரிக்கும் மேல்வரியில் 1 கழிக்க வேண்டும். கழிக்காவிட்டால் பயனர் எந்த விசையையும் தொடாமலே உரை அவர் கண்முன்னால் மெல்ல மேலேறிக்கொண்டிருக்கும்.

7. பேட் என்று ஒன்று இருக்கிறதாமே, அதைப் பயன்படுத்தினால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம் என்கிறார்கள். உண்மையா?

ஓரளவுக்கு உண்மை. பேட் என்பது திரையைவிடப் பெரியதாக இருக்கக்கூடிய, திரையில் எந்த இடத்தோடும் பிணைக்கப்படாத ஒரு சாளரம். நியூபேட் கொண்டு 300 வரி உயரத்தில் ஒன்றை உருவாக்கி உரை முழுவதையும் ஒரே முறை எழுதிவிட்டு, எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்பதை மட்டும் ஒவ்வொரு முறையும் சொல்லலாம். சுவரில் ஒட்டிய நீண்ட தாளின் மேல், நடுவில் ஓட்டை வெட்டிய அட்டையை ஏற்றி இறக்குவது போன்றது இது. உதவிக்குறிப்பு, உரிம ஒப்பந்தம் போன்ற அளவு தெரிந்த, மாறாத உரைக்கு இதைவிட எளிய வழியில்லை.

காட்டுவதற்கான பி-ரெஃப்ரெஷ் ஆறு எண்களைக் கேட்கும். முதல் இரண்டும் பேட்டுக்குள் தொடங்கும் வரியும் நெடுவரிசையும். அடுத்த இரண்டும் திரையில் செவ்வகத்தின் இடப்பக்க மேல்மூலை. கடைசி இரண்டும் வலப்பக்கக் கீழ்மூலை. அந்தக் கீழ்மூலையும் செவ்வகத்துக்குள் அடக்கம் என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள்: திரையின் 2ஆம் வரியில் தொடங்கி 20 வரிகள் காட்ட வேண்டுமானால் கடைசி வரி 21, 22 அன்று. செவ்வகம் திரைக்கு வெளியே ஒரு கட்டம் நீண்டாலும் என்கர்சஸ் எதையும் வரையாமல் பிழை மதிப்பைத் தந்துவிடும்.

தொடர்ந்து வளரும் உரைக்குப் பேட்டை நான் பரிந்துரைப்பதில்லை. அளவை முன்கூட்டியே சொல்ல வேண்டும். வழக்கமான கட்டமைப்பில் வரிகளின் உச்சவரம்பு 32767. அகன்ற எழுத்துப் பதிப்பில் ஒரு கட்டம் லினக்ஸில் 28 பைட் பிடிப்பதால், 10,000 வரிகளும் 200 நெடுவரிசைகளும் கொண்ட பேட், வெறுமையாக இருக்கும்போதே 56 மெகாபைட் நினைவகத்தை எடுத்துக்கொள்ளும். அதே 10,000 லாக் வரிகளை எழுத்துச் சரங்களாக வைத்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு மெகாபைட்டில் முடிந்துவிடும்.

8. பேட்டில் எழுதினேன், டபிள்யூ-ரெஃப்ரெஷ் செய்தேன், திரை காலியாகவே இருக்கிறது.

பேட்டுக்கு அந்தச் செயற்கூறு செல்லாது. பி-ரெஃப்ரெஷ் மட்டுமே செல்லும். மேலும், விசைக்காகக் காத்திருக்கும் செயற்கூறு சாதாரணச் சாளரத்தைத் தானாகப் புதுப்பிக்கும், பேட்டைப் புதுப்பிக்காது. அந்தத் தானியங்கி நடத்தை வேறொரு தொல்லைக்கும் காரணம். 12ஆம் கேள்வியைப் பாருங்கள்.

9. சாளரத்தைச் சுற்றிப் போட்ட சுற்றுக்கோடும் உரையோடு சேர்ந்து உருண்டுபோகிறது.

பாக்ஸ் செயற்கூறு போடும் கோடுகள் தனி அடுக்கு அல்ல. சாளரத்தின் ஓரக் கட்டங்களில் எழுதப்பட்ட எழுத்துகள்தாம். உரை உருளும்போது அவையும் உருளும். புதுவரிக் குறியை எழுதினால் அந்த வரியின் மிச்சப் பகுதி முழுவதும் அழிவதால், வலப்பக்கக் கோடு ஒவ்வோர் இடமாக உடையும்.

சுற்றுக்கோட்டுக்கு ஒரு சாளரம், உரைக்கு அதனுள் ஒரு சேய்ச்சாளரம் என்று பிரியுங்கள். டெர்வின் கொண்டு, உயரத்திலும் அகலத்திலும் 2 குறைத்து, தாய்ச்சாளரத்தின் 1, 1 என்ற இடத்தில் தொடங்குமாறு உருவாக்கினால் போதும். ஸ்க்ரோல்ஓகே, எழுதுதல், அழித்தல் எல்லாம் சேய்ச்சாளரத்தில் மட்டும் நடக்கட்டும். இரண்டும் ஒரே நினைவகத்தைப் பகிர்வதால், தாய்ச்சாளரத்தின் வழியாகப் புதுப்பிக்கும்போது முதலில் அதன் மேல் டச்வின் அழையுங்கள்; சேயில் நடந்த மாற்றம் தாய்க்குத் தானாகத் தெரியாது.

10. மேலே தலைப்பும் கீழே நிலைவரியும் அசையாமல் நிற்க, நடுப்பகுதி மட்டும் உருள வேண்டும். முனையமே இதைச் செய்யும் என்று கேள்விப்பட்டேன்.

செய்யும். டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1978இல் வெளியிட்ட விடி100 முனையத்திலேயே உருளும் பகுதியை வரையறுக்கும் கட்டளை இருந்தது. இன்றைய முனைய நிரல்களும் அதைப் பின்பற்றுகின்றன. எஸ்கேப் எழுத்து, திறந்த சதுர அடைப்புக்குறி, 2, அரைப்புள்ளி, 23, இறுதியில் சிறிய ஆர் எழுத்து: இந்தத் தொடரை அனுப்பினால் 24 வரித் திரையில் முதல் வரியும் கடைசி வரியும் அசையாமல் நிற்கும். பிறகு 23ஆம் வரியில் புதுவரிக் குறி வந்தால் நடுப்பகுதி மட்டும் மேலேறும்.

என்கர்சஸில் இதே பணிக்கு டபிள்யூ-செட்ஸ்கர்ரெக் உள்ளது. ஸ்க்ரோல்ஓகே இயங்கினால்தான் அதற்குப் பலன் உண்டு. ஆனால் புதிய நிரலுக்கு நான் சொல்வது, தலைப்புக்கும் உரைக்கும் நிலைவரிக்கும் மூன்று தனிச் சாளரங்களை வைத்துக்கொள்ளுங்கள் என்பதே. நிரலைப் படிப்பவருக்கு எது எங்கே எழுதப்படுகிறது என்பது உடனே விளங்கும். உரைச்சாளரத்துக்கு ஐடிஎல்ஓகே செயற்கூற்றையும் இயக்கினால், வரிகளை மொத்தமாக நகர்த்தும் முனையத்தின் திறனை என்கர்சஸ் வேண்டியபோது பயன்படுத்திக்கொள்ளும்.

பக்கம் பக்கமாக இரண்டு சாளரங்கள் இருக்கும்போது இந்த வன்பொருள் உதவி கிடைப்பதில்லை. விடி100இன் கட்டளை திரையின் முழு அகலத்தையும் உருட்டும். இட வல ஓரங்களையும் வரையறுக்கும் கட்டளை விடி420 வரிசையில்தான் வந்தது, அதை எல்லா முனையங்களும் ஏற்பதில்லை. டீமக்ஸில் திரையை நெடுக்காகப் பிரித்து ஒரு பாதியில் வேகமாக லாக் ஓடவிட்டால், மெதுவான இணைப்பில் சுணக்கம் தெரிவதற்கு இது ஒரு காரணம்.

11. ஒவ்வொரு முறை உருட்டும்போதும் திரை மினுக்குகிறது.

டபிள்யூ-கிளியர் என்று எழுதியிருப்பீர்கள். அது சாளரத்தை அழிப்பதோடு, அடுத்த புதுப்பிப்பில் முழுத்திரையையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து வரையச் சொல்கிறது. 2ஆம் விடையில் சொன்ன ஒப்பீடு அதனால் வீணாகிறது. டபிள்யூ-இரேஸ் என்று மாற்றுங்கள். பல சாளரங்கள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் டபிள்யூ-நௌட்ரெஃப்ரெஷ் அழைத்து, கடைசியில் ஒரே ஒரு டூஅப்டேட் அழையுங்கள்.

12. கெட்சிஎச் அழைத்தவுடன் என் சாளரம் மறைந்துபோகிறது.

சாளரத்தின் பெயரைக் குறிப்பிடாத கெட்சிஎச், முழுத்திரைச் சாளரத்திலிருந்து விசையைப் படிக்கிறது. படிக்கும் முன், அதில் ஏதேனும் மாறியிருந்தால் அதைப் புதுப்பிக்கிறது. வெறுமையான அந்தப் பெரிய சாளரம் உங்கள் சிறிய சாளரத்தின் மேல் போர்த்திக்கொள்கிறது. நிரலின் தொடக்கத்தில் ஒரு முறை ரெஃப்ரெஷ் அழைத்துவிட்டு, அதன்பின் முழுத்திரைச் சாளரத்தைத் தொடாமல், டபிள்யூ-கெட்சிஎச் கொண்டு உரைச்சாளரத்திலிருந்தே விசைகளைப் படியுங்கள்.

13. சோதிப்பதற்காகப் போட்ட பிரிண்ட்எஃப் வரிகள் சாளரத்தின் நடுவே வந்து குப்பையாகின்றன.

அந்த எழுத்துகள் முனையத்துக்கு நேராகப் போகின்றன; என்கர்சஸின் படிமத்துக்கு அவை வந்தது தெரியாது. தெரியாததை அது அழிக்கவும் முயலாது, எனவே குப்பை அங்கேயே நிற்கும். சோதனை வரிகளைக் கோப்பில் எழுதி, இன்னொரு முனையத்தில் டெயில் கட்டளையால் அந்தக் கோப்பைப் பின்தொடருங்கள். கன்ட்ரோல் எல் விசைக்கு முழுத்திரையையும் புதிதாக வரையும் வசதியையும் வைத்துவிடுங்கள். 11ஆம் விடையில் தவிர்க்கச் சொன்ன முழு வரைதல் உண்மையிலேயே தேவைப்படும் இடம் இது.

14. சாளரத்தைவிட நீண்ட வரிகளை மடித்துக் காட்டத் தொடங்கியதும் உருட்டும் கணக்கு தப்பிப்போகிறது. முனையத்தின் அளவை மாற்றினால் இன்னும் மோசம்.

மடிப்பு வந்தவுடன், உங்கள் பட்டியலில் உள்ள ஒரு வரி திரையில் மூன்று வரிகளாகலாம். 4, 5ஆம் விடைகளில் சொன்ன கணக்கு திரைவரிகளுக்கு உரியது. ஆகவே மூல வரிகளின் பட்டியலிலிருந்து, தற்போதைய அகலத்துக்கு மடித்த திரைவரிகளின் பட்டியல் ஒன்றை உருவாக்குங்கள். அதன் ஒவ்வோர் உறுப்பும், தான் எத்தனையாவது மூல வரியின் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதை மட்டும் வைத்திருந்தால் போதும், உரையின் நகல் வேண்டாம். மேல்வரி இந்த இரண்டாவது பட்டியலைச் சுட்டட்டும்.

முனையத்தின் அளவு மாறும்போது இயங்குதளம் சிக்வின்ச் என்ற குறிகையை அனுப்பும். என்கர்சஸ் அதை ஏற்று, அடுத்த விசைப் படிப்பில் கீ-ரீசைஸ் என்ற மதிப்பைத் தரும். அப்போது மேல்வரி எந்த மூல வரியின் எந்த இடத்தைச் சுட்டுகிறது என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். சாளரங்களின் அளவைத் திருத்தி, புதிய அகலத்துக்கு மடித்து, குறித்த இடம் இப்போது எந்தத் திரைவரியில் விழுகிறது என்று தேடி, அதையே மேல்வரியாக வையுங்கள். திரைவரி எண்ணை அப்படியே வைத்துக்கொள்ளும் நிரல்களில், சாளரத்தைச் சற்று இழுத்தாலே படித்துக்கொண்டிருந்த பத்தி காணாமல் போய்விடுகிறது. பேட் பயன்படுத்துபவர்கள் 7ஆம் விடையில் சொன்ன செவ்வகத்தையும் திருத்த வேண்டும். திரை சுருங்கியபின் பழைய செவ்வகம் செல்லாது.

15. ஆங்கில வரிகள் சரியாக இருக்கின்றன. தமிழ் வரிகள் வந்தால் வலப்பக்கக் கோடு நகர்ந்துவிடுகிறது, சில எழுத்துகள் உடைந்தும் போகின்றன.

முதலில் அடிப்படை இரண்டு. என்கர்சஸைத் தொடங்கும் இனிட்ஸ்கர் அழைப்பதற்கு முன்னரே, மொழி அமைப்பை ஏற்கும் செட்லொகேல் அழைத்திருக்க வேண்டும். அகன்ற எழுத்துகளை ஏற்கும் என்கர்சஸ்-டபிள்யூ நிரலகத்தோடு இணைத்திருக்க வேண்டும். இவற்றில் ஒன்று விட்டுப்போனாலும் எழுத்துகளுக்குப் பதில் பொருளற்ற குறிகள்தாம் வரும்.

அதன் பிறகும் எஞ்சுவது அகலச் சிக்கல். தமிழ் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். படிப்பவருக்கு 3 எழுத்துகள். யூனிகோடில் 5 குறியீடுகள். யூடிஎஃப்-8இல் 15 பைட்டுகள். லினக்ஸின் டபிள்யூசி-விட்த் செயற்கூற்றின் கணக்கில் 4 நெடுவரிசைகள். புள்ளிக்கும் ஈகாரக் குறிக்கும் யூனிகோடு அகலமில்லாத வகையைக் கொடுத்திருக்கிறது. இகர, உகர, ஒகரக் குறிகளுக்கு இடம்பிடிக்கும் வகையைக் கொடுத்திருக்கிறது. எனவே கீ ஒரு நெடுவரிசை, கி இரண்டு நெடுவரிசைகள். கொ என்பதற்கும் இரண்டுதான், ஆனால் திரையில் மூன்று வடிவங்கள் அதற்குள் அடங்க வேண்டும். எல்லா முனையங்களும் நிரலகங்களும் இதே அட்டவணையைப் பின்பற்றுவதில்லை. என்கர்சஸ் நினைக்கும் இடத்திலிருந்து முனையத்தின் சுட்டி ஒரு கட்டம் விலகினாலும், ஒப்பிட்டு அனுப்பும் முறையே எதிரியாகி, உருட்டும்போது பழைய எழுத்துகளின் மிச்சங்கள் திரையில் ஒட்டிக்கொள்கின்றன.

பைட் எண்ணிக்கையையோ குறியீட்டு எண்ணிக்கையையோ கொண்டு வரியை வெட்டாதீர்கள். மெய்யையும் அதைத் தொடரும் குறிகளையும் ஒரே அலகாகத் திரட்டி, அந்த அலகு முழுவதும் கொள்ளாவிட்டால் அடுத்த வரிக்குத் தள்ளுங்கள். இல்லையென்றால் ககரம் ஒரு வரியிலும் அதன் கொம்போ காலோ அடுத்த வரியின் தொடக்கத்தில் புள்ளி வட்டத்தின் மேலும் நிற்கும். தமிழ் வரும் சாளரங்களுக்கு வலப்பக்கக் கோட்டை விட்டுவிடுவது பெரிய இழப்பல்ல. மிச்ச எழுத்துகள் ஒட்டினால், உருட்டிய ஒவ்வொரு முறையும் டபிள்யூ-ரீட்ராஎல்என் கொண்டு அந்த வரிகளை மட்டும் முழுமையாக மீண்டும் வரையச் சொல்லலாம். சற்று கூடுதலாக எழுத்துகள் அனுப்பப்படும், ஆனால் படிப்பவருக்குச் சரியான உரை கிடைக்கும். நம் மொழியில் பெயர்களும் செய்திகளும் வரும் நிரலை எழுதுபவர்கள் இந்தச் சோதனையை முதல் நாளிலேயே செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

16. மவுஸ் சக்கரத்தைச் சுழற்றினால் சில முனையங்களில் தானாகவே உருளுகிறது, சிலவற்றில் ஒன்றும் நடப்பதில்லை.

மாற்றுத்திரையில் இருக்கும்போது சக்கரச் சுழற்சியை மேல், கீழ் அம்புக்குறிகளாக மாற்றி அனுப்பும் பழக்கம் பல முனையங்களுக்கு உண்டு. உங்கள் நிரல் அம்புக்குறிகளை ஏற்றால் அது இயங்கும். எல்லா இடங்களிலும் ஒரே மாதிரி வேண்டுமானால் மவுஸ்மாஸ்க் அழைத்து, சக்கரத்தைக் குறிக்கும் 4, 5ஆம் பொத்தான்களைக் கவனியுங்கள். அப்படிச் செய்தால் பயனர் மவுஸால் உரையைத் தேர்ந்து நகலெடுக்கும் வழக்கமான வசதி முனையத்தின் கையிலிருந்து போய்விடும். பெரும்பாலான முனையங்களில் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு தேர்ந்தால் அது கிடைக்கும், இதை உதவிக்குறிப்பில் மறக்காமல் எழுதுங்கள்.

17. வலையமைப்பிலிருந்து செய்திகளைப் படிக்கும் இழை (த்ரெட்) நேரடியாகச் சாளரத்தில் எழுதுகிறது. அவ்வப்போது திரை சிதறுகிறது.

என்கர்சஸின் வழக்கமான கட்டமைப்பு பல இழைகள் ஒரே நேரத்தில் அழைப்பதற்குப் பாதுகாப்பானது அல்ல. ஓர் இழை சுட்டியை நகர்த்தியதும் இன்னோர் இழை எழுதிவிட்டால், எழுத்து வேறிடத்தில் விழும். திரையைத் தொடும் உரிமையை ஒரே ஓர் இழைக்குக் கொடுங்கள். மற்றவை, வந்த செய்தியைப் பூட்டுள்ள ஒரு வரிசையில் போடட்டும். திரை இழை டபிள்யூ-டைம்அவுட் கொண்டு 50 மில்லிநொடி மட்டும் விசைக்காகக் காத்திருந்து, வரிசையில் உள்ளவற்றையெல்லாம் எடுத்துப் பட்டியலில் சேர்த்துவிட்டு, ஒரே ஒரு முறை வரையட்டும். நொடிக்கு ஆயிரம் செய்திகள் வந்தாலும் வரைவது 20 முறையை ஒட்டியே நிற்கும், கண்ணுக்கு அது போதும்.

18. பல கோடி வரிகள் கொண்ட லாக் கோப்பைத் திறக்க வேண்டும். எல்லாவற்றையும் பட்டியலில் ஏற்றினால் நினைவகம் போதாது.

வரிகளை ஏற்றாதீர்கள், அவை தொடங்கும் இடங்களை மட்டும் ஏற்றுங்கள். ஒவ்வொரு வரியும் கோப்பில் எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்பதை 8 பைட் எண்ணாக வைத்தால், 1 கோடி வரிகளுக்கு 80 மெகாபைட் ஆகும். அதுவும் மிகுதி என்றால் ஒவ்வொரு நூறாவது வரியின் இடத்தை மட்டும் குறியுங்கள். 80 மெகாபைட் 800 கிலோபைட்டாகிவிடும். மேல்வரி 4,23,157 என்றால், 4,23,100ஆம் வரியின் இடத்துக்குத் தாவி, அங்கிருந்து 57 புதுவரிக் குறிகளை எண்ணினால் வேண்டிய வரி கிடைக்கும். சாளரத்தின் உயரத்துக்கு வேண்டிய வரிகளை மட்டும் அங்கிருந்து படியுங்கள். 4ஆம் விடையில் சொன்ன வரையும் செயற்கூற்றில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. அது பட்டியலைக் கேட்ட இடத்தில் இப்போது கோப்பைக் கேட்கிறது, அவ்வளவே.

இப்படிக் கோப்பிலிருந்து எடுக்கும் வரிகளை அப்படியே எழுதிவிடாதீர்கள். நிறக் கட்டளைகளின் எஸ்கேப் எழுத்துகளை என்கர்சஸ் மேல்நோக்கிய கூரைக்குறியும் அடைப்புக்குறியுமாக இரண்டு கட்டங்களில் காட்டும். தத்தல் (டேப்) குறி 8இன் மடங்கில் வரும் அடுத்த நெடுவரிசைக்குத் தாவும். இரண்டும் மடிப்புக் கணக்கைக் குலைப்பவை. எனவே வரியைப் படித்தவுடன், மடிப்பதற்கு முன், தத்தலை இடைவெளிகளாக விரித்து, நிறக் கட்டளைகளை நீக்கிவிடுங்கள்.